மகாராணிக்கு மூன்றே நாள்

வழுக்கைத் தலையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு துப்பறியக் கிளம்பிய ஆள் டெக்ஸாஸிலேயே பிச்சுமணி ஒருத்தர்தான் இருப்பார். அவராக ஆசைப்பட்டுத் தடவிக்கொண்டதில்லை. அது நடந்தது வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, ஃபிரிஸ்கோவில், வெங்கடகிருஷ்ணன் வீட்டு வாசலில். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர் உலர்ந்த தலையோடு, மரியாதையாக, அந்த வீட்டு சோபாவில் யாமினியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

யாமினி அவருடைய முதலாளி. முப்பத்தெட்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், லைசென்ஸ் வாங்கி, தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். பிச்சுமணிக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்தவர். "அடுத்தவன் பண்ற வேலையில தப்பு கண்டுபிடிக்கிறதுதான் மேடம் எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில்" என்று இன்டர்வியூவில் சொன்னார். யாமினி சிரித்துவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது.

"சொல்லுங்க அங்கிள்," என்றாள் யாமினி.

வெங்கடகிருஷ்ணன் ஒரு இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து டீப்பாயின் மேல் போட்டார்.

"அந்தப் பையனோடது. இன்னிக்குக் காலம்பற கெஸ்ட் ரூம் டிராயர்ல கெடந்தது."

அந்தப் பையன் என்று அவர் சொன்னது, கல்யாணமாகி ஐந்தே நாளான சொந்த மாப்பிள்ளையை. பெயர் அகிலன். கோபிசெட்டிபாளையத்துப் பையன், இங்கே ரிச்சர்ட்சனில் இன்ஜினியர். வெங்கடகிருஷ்ணனின் பெண் அதிதி அவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டாள். போன சனிக்கிழமை கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் தேனிலவுக்கு சீஷெல்ஸ் தீவுக்குப் போகிறோம் என்று இந்த வாசலில்தான் டாக்ஸி ஏறினார்கள்.

"பாஸ்போர்ட் இல்லாம ஒருத்தன் இந்தியப் பெருங்கடலுக்கு எப்படிப் போவான்? நீங்களே சொல்லுங்கோ."

"நீந்தி," என்றார் பிச்சுமணி.

யாமினி அவர் காலை மிதித்தாள். "பொண்ணு பாஸ்போர்ட் அங்கிள்?"

"அவளோடது அவ ஹேண்ட்பேக்ல இருக்கும். ரெண்டு பேர் ஃபோனும் ஆஃப். ஹனிமூன் முடியற வரைக்கும் ஃபோனைத் தொடமாட்டோம், தினம் ஒரே ஒரு மெசேஜ் போடுவோம்னு சொல்லிட்டுப் போனா. எல்லாம் அந்தப் பையன் போடற மெசேஜ்தான். என் பொண்ணோட குரலைக் கேட்டு அஞ்சு நாளாச்சு. ஃபோட்டோ அனுப்பறான், கடல், மணல், தென்னமரம். ஒண்ணுல கூட மனுஷா இல்லை."

பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்துத் திறந்தார். மூடிப் போட்டார்.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள என் பொண்ணு எங்கேன்னு தெரியலைன்னா போலீஸ். அதோட, நியூஜெர்சில தங்கியிருக்காரே சம்பந்தி சேனாபதி, அவரைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கிறாப்பல நாலு கேள்வி கேக்கப்போறேன்."

"அவசரப்படாதீங்கோன்னா," என்றாள் காபி டபராவோடு வந்த அவர் மனைவி காமாக்ஷி. "குழந்தைகள் சௌக்கியமாத்தான் இருக்கும்."

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?"

காமாக்ஷி டபராவை வைத்துவிட்டு நகர்ந்தாள். பிச்சுமணிக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து மணிக்கு அந்த நாலு கேள்வியை இவர் கேட்டுவிட்டால், அப்புறம் அதிதி பத்திரமாகத் திரும்பி வந்தாலும் இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்காராது. கொட்டிய வார்த்தையை எந்த முறத்தால் அள்ளுவது?

யாமினி குடும்ப வாட்ஸப் க்ரூப்பைத் திறந்து பார்த்தாள். அகிலனுக்குச் சரித்திரப் பைத்தியம். ரிசப்ஷனிலேயே ராஜா ராணிகள் எங்கெங்கே தேனிலவு போனார்கள் என்று ஸ்லைடு போட்டு, மைக் பிடித்துக் க்விஸ் நடத்தியவன். இப்போது தினமும் ஒரு ராஜ தேனிலவை எழுதி, கூடவே ஒரு கடல் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு: விக்டோரியா மகாராணி, 1840. பார்லிமென்ட் நடக்கிறது, இரண்டு மூன்று நாளே அதிகம் என்று வருங்காலக் கணவருக்கு எழுதிவிட்டு, விண்ட்ஸர் கோட்டையில் மூன்றே நாளில் தேனிலவை முடித்துக்கொண்டாள். திங்கள்: 1923, யார்க் கோமகனின் புது மனைவிக்குத் தேனிலவில் கக்குவான் இருமல் வந்துவிட்டது. செவ்வாய்: 1947, இளவரசி எலிசபெத் வெளிநாடெல்லாம் போகவில்லை, உள்ளூரிலேயே ஒரு உறவினர் மாளிகை, அப்புறம் ஸ்காட்லாந்து. கூடவே செல்ல நாயும் வந்தது. புதன்: 2011, இளவரசர் வில்லியம் கல்யாணம் முடிந்த கையோடு ஹெலிகாப்டர் ஓட்டும் வேலைக்குத் திரும்பிவிட்டார். இன்று வியாழன்: 1937, எட்டாம் எட்வர்ட் ராஜ பதவியைத் துறந்து, காதலியைக் கட்டி, இருநூற்று அறுபத்தாறு பெட்டிகளோடு ஆஸ்திரியாவில் ஒரு கோட்டைக்குப் போனார்.

"இருநூத்தி அறுபத்தாறு பொட்டியா?" என்றார் பிச்சுமணி. "எங்க வீட்ல சாரதா மெட்ராஸ் போறப்போ கூட அவ்வளவு ஆகாதே."

"ஞாயித்துக்கிழமை இவங்க கெளம்பினதை வீடியோ எடுத்தீங்களா அங்கிள்?"

"எடுத்திருக்கேன். அனுப்பறேன்."

"அனுப்புங்க. நாங்க அகிலனோட பழைய அபார்ட்மென்ட் வரைக்கும் போயிட்டு வந்துடறோம்."

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அந்த எண்ணெய் விவகாரம் நடந்தது.

"எந்தப் பக்கம் கெளம்பிட்டேள்?" என்றாள் காமாக்ஷி.

"ரிச்சர்ட்சன் ஆன்ட்டி."

"ஐயோ, தெற்கேன்னா இருக்கு அது. இன்னிக்கு வியாழக்கிழமை, தெற்கே சூலம். நில்லுங்கோ, நில்லுங்கோ."

சமையல்கட்டுக்கு ஓடினாள். அங்கே ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரில், ஊரிலிருந்து வரவழைத்த தினசரி காலண்டர் தொங்கியது. நல்ல நேரம், ராகு காலம், அதற்குக் கீழே சூலம். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு திசைக்குச் சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது, போயே தீரவேண்டும் என்றால் ஒரு பரிகாரம் உண்டு. காமாக்ஷி கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"தெற்குக்குத் தைலம். தைலத்துக்கு நான் எங்க போறது, நல்லெண்ணெய்தான். தலையைக் குனிங்கோ."

யாமினிக்கு உச்சியில் ஒரு சொட்டு. பிச்சுமணிக்கு எந்த இடம் உச்சி என்று தெரியாமல் தாராளமாகவே வைத்துவிட்டாள்.

"எங்காத்துல யாரும் இதை மீற மாட்டோம். போன வருஷம் இந்தியாவுக்கு டிக்கெட் திங்கட்கிழமைதான் கெடைச்சுது. கிழக்கே சூலம். ஒரு ஸ்பூன் தயிரைச் சாப்பிட்டுட்டுத்தான் ஆத்தை விட்டே எறங்கினேன்."

"ரொம்ப நல்லது ஆன்ட்டி," என்றாள் யாமினி. காரில் ஏறியதும் பிச்சுமணி வெயில் மறைப்பை இறக்கி, அதிலிருந்த கண்ணாடியில் தலையைப் பார்த்தார்.

"இதுல ஒரு முட்டையை உடைச்சு ஊத்தினா ஆம்லெட்டே போடலாம் மேடம்."

*

ரிச்சர்ட்சனில் கதவைத் திறந்தது பிரணவ். இருபத்தேழு வயது இருக்கும். கல்யாணம் வரை அகிலனோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவன்.

"வாங்க ஆன்ட்டி."

யாமினியின் முகம் ஒரு நொடி சுருங்கியது. அதைப் பார்த்த பிச்சுமணிக்கு அன்றைய நாளின் கஷ்டமெல்லாம் பறந்துபோயிற்று.

"ஆன்ட்டிக்குத் தண்ணி கொண்டு வாப்பா," என்றார். "வயசானவங்க, படியேறி வந்திருக்காங்க."

"அகிலன் எப்படி இருக்கான் பிரணவ்?" என்றாள் யாமினி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"சூப்பரா இருக்கான் ஆன்ட்டி. நேத்து பீச்ல இருந்து கால் பண்ணினான். பயங்கர வெயில், சன்ஸ்கிரீன் எல்லாம் தீந்துபோச்சுன்னு சொன்னான்."

"நேத்து எத்தனை மணிக்கு?"

"நான் ஆபீஸ் முடிஞ்சு வந்தப்புறம். ஆறு மணி இருக்கும்."

"இங்க சாயங்காலம் ஆறுன்னா சீஷெல்ஸ்ல விடியக்காலை மூணு," என்றாள் யாமினி.

"மூணு மணி வெயில்னா சும்மாவா?" என்றார் பிச்சுமணி. "அதுவும் விடியக்காலை மூணு மணி வெயில்."

பிரணவ் தண்ணீரைத் தானே குடித்துவிட்டான்.

யாமினி அகிலனுடைய அறைக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்காலி மேல் ஒரு பரிசுப் பை. உள்ளே நீச்சல் கால்சட்டை, ஆரஞ்சு கலர், அன்னாசிப்பழ டிசைன். விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை.

"இது நாங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வாங்கிக் குடுத்தது," என்றான் பிரணவ். "மறந்துட்டுப் போயிட்டான் போல."

"அன்னாசிப்பழத்தை மறந்துட்டான். ப்ளேசரை மறக்கல." யாமினி அலமாரியில் தொங்கிய ஒரு வெறும் ஹேங்கரைக் காட்டினாள். ப்ளேசர் என்று தேதியோடு எழுதிய சலவைக் கடைச் சீட்டு மட்டும் அதில் ஆடிக்கொண்டிருந்தது. "கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் ட்ரை க்ளீனிங்ல இருந்து வாங்கியிருக்கான். பீச்சுக்கு யாருப்பா ப்ளேசர் போட்டுட்டுப் போவாங்க?"

பிச்சுமணி அந்தப் பேச்சில் இல்லை. ஜன்னலோரம் மணிபிளான்ட் தொட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதாகப் படிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. லேப்டாப், சார்ஜர், அடையாள அட்டை மூன்றையும் இத்துடன் வரும் பெட்டியில் வைத்து ஒட்டித் திருப்பி அனுப்பவும். உங்கள் சேவைக்கு நன்றி. தேதியைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால்.

"பிரணவ்," என்றார். குரலில் கேலி இல்லை. "இந்தப் பெட்டி வந்தன்னிக்கு அவன் சாப்பிட்டானா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "அங்கிள், ப்ளீஸ். நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"சரி, சொல்ல வேண்டாம். நீ நல்ல ஃப்ரெண்டு. பொய் மட்டும் கொஞ்சம் ப்ராக்டிஸ் பண்ணு."

*

கார் டோல்வேயில் ஏறும்வரை பிச்சுமணி வாயைத் திறக்கவில்லை. இது அபூர்வம் என்பதால் யாமினியும் கேட்கவில்லை.

"எனக்கும் அதே பெட்டிதான் வந்துது மேடம்," என்றார் கடைசியில். "ரெண்டு வருஷம் ஆச்சு. சாரதாகிட்ட சொல்லலை. தினம் அவ கட்டிக் குடுத்த தயிர்சாதத்தை எடுத்துண்டு போய்ப் பப்ளிக் லைப்ரரில உக்காந்திருந்தேன். ஒன்பது நாள். பத்தாவது நாள் லைப்ரரிக்கு அவளே வந்துட்டா, ஏதோ சமையல் புஸ்தகம் எடுக்க. அழுதேன் மேடம். அவமானமா இருந்துது. வேலை போனதை விட, அவ கண்ணுல என்ன தெரியப்போறதோன்னு பயந்தேனே, அதுதான் தாங்கலை."

"என்ன தெரிஞ்சுது?"

"தயிர்சாதத்தை ஏன் மிச்சம் வச்சிருக்கேள்னு கேட்டா."

யாமினி சிரித்தாள். அவரும் சிரித்தார். கண்ணைத் துடைக்கக் கர்ச்சீப்பை எடுத்தவர், அப்படியே தலையையும் ஒரு துடை துடைத்துக்கொண்டார்.

"ஆக, பையனுக்கு வேலை போச்சு," என்றாள் யாமினி. "விசா அந்த வேலையோட ஒட்டினது. அறுபது நாளைக்குள்ள வேற கம்பெனி பிடிக்கணும். அதுவரைக்கும் நாட்டை விட்டு வெளியே போனா, திரும்பி உள்ள வர்றது கஷ்டம். அதான் பாஸ்போர்ட் டிராயர்ல தூங்குது. இப்ப அவன் அனுப்பின ராஜா ராணி லிஸ்டை யோசிங்க சார். எத்தனையோ ராஜ குடும்பம் கப்பல்ல ஹனிமூன் போயிருக்கு. மொனாக்கோ ராஜா மத்தியதரைக் கடல்ல சுத்தினார். ஒரு இளவரசி கரீபியன் வரைக்கும் போனா. அவங்க ஒருத்தர் கூட இவன் லிஸ்ட்ல இல்ல."

பிச்சுமணி விரல் விட்டு எண்ணினார். "ஒருத்திக்கு லீவு இல்ல. ஒருத்திக்கு இருமல். ஒருத்தி உள்நாட்டையே தாண்டலை. ஒருத்தர் வேலைக்கு ஓடிட்டார். கடைசி ஆளுக்கு வேலையே போயிடுத்து." அவர் நிறுத்தினார். "அட பாவி. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுன்னு அஞ்சு நாளா எழுதித் தள்ளியிருக்கே."

"இன்னொண்ணு. அந்த 2011 ஜோடி கொஞ்ச நாள் கழிச்சு ஹனிமூன் போனாங்க. எங்க தெரியுமா? சீஷெல்ஸ். இவன் இருக்கறதா சொல்ற அதே ஊரு. நிஜமாவே அங்க உக்காந்திருக்கறவன் அதை எழுதாம விடுவானா? அந்தப் பேரை எழுத அவனுக்குக் கை வரல."

"சரி, ப்ளேசர் மாட்டிண்டு எங்க போனான்? இன்டர்வியூவுக்குத்தான். ஆனா எந்த ஊருக்கு? கிழக்கே நியூஜெர்சியா, தெற்கே ஆஸ்டினா, எங்கேன்னு தேடறது? மணி மூணே முக்கால் மேடம்."

யாமினி அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பார்க்கிங்கில் காரை நிறுத்தினாள். வெங்கடகிருஷ்ணன் அனுப்பிய வீடியோவை ஓட்டினாள். வாசல். டாக்ஸி. அதிதி சிரிக்கிறாள், அகிலன் பெட்டியைத் தூக்குகிறான். வெங்கடகிருஷ்ணனின் குரல், பாஸ்போர்ட் எடுத்துண்டாச்சா என்கிறது. காமாக்ஷி தட்டிலிருந்து எதையோ எடுத்து முதலில் பெண் வாயில், பிறகு மாப்பிள்ளை வாயில் போடுகிறாள்.

"என்ன சார் போடறாங்க?"

"என்னவோ பிரவுனா இருக்கு. உடைஞ்ச மைசூர்பாகா இருக்கும். கல்யாணத்துல மிஞ்சினது."

யாமினி அதையே மூன்று தடவை ஓட்டினாள். தன் ஃபோனில் எதையோ தேடிப் பார்த்தாள். காரை ஸ்டார்ட் பண்ணினாள்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார் பிச்சுமணி.

"தெரிஞ்சுபோச்சு."

"சொல்லுங்களேன்."

"அங்க போய்ச் சொல்றேன்."

"ஆன்ட்டிங்க எல்லாம் இப்படித்தான், சஸ்பென்ஸ் வைக்காம இருக்க முடியாது," என்றார் பிச்சுமணி. அதற்கு அப்புறம் ஃபிரிஸ்கோ வரை அவள் அவரோடு பேசவில்லை.

*

நாலு முப்பத்தைந்துக்கு உள்ளே நுழைந்தபோது வெங்கடகிருஷ்ணன் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சம்பந்தியின் நம்பரைத் திரையில் தயாராக வைத்திருந்தார்.

"என்ன ஆச்சு? என் பொண்ணு எங்க?"

"ஒரு நிமிஷம் அங்கிள்." யாமினி காமாக்ஷியின் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, எனக்கு ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை எந்தத் திசைக்குச் சூலம்?"

"மேற்கு," என்றாள் காமாக்ஷி, யோசிக்காமல்.

"பரிகாரம்?"

"வெல்ல..."

சொல்லி முடிக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிச்சுமணிக்கு அப்போதுதான் புரிந்தது. வீடியோவில் பார்த்தது மைசூர்பாகு இல்லை.

"சீஷெல்ஸ் நமக்குக் கிழக்கே இருக்கு," என்றாள் யாமினி மெதுவாக. "ஞாயித்துக்கிழமை கிழக்கே போறவங்களுக்கு எந்தப் பரிகாரமும் வேண்டாம். மேற்கே போனாத்தான் வெல்லம். ஏர்போர்ட் திசையைப் பாத்துக் குடுத்தேன்னு சொல்லாதீங்க ஆன்ட்டி. நீங்க போய்ச் சேர்ற ஊரைத்தான் பாப்பீங்க. இந்தியாவுக்குத் தயிர் சாப்பிட்டுட்டுப் போனதா நீங்களே சொன்னீங்க. குழந்தைங்க மேற்கே போறது உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

வெங்கடகிருஷ்ணன் மனைவியைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"காமு?"

"மேற்குக் கரையில, குபெர்டினோ," என்றாள் காமாக்ஷி. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்க ஒரு கம்பெனில மாப்பிள்ளைக்கு நாலு ரவுண்டு இன்டர்வியூ. இன்னிக்குக் கடைசி. நம்ம நேரம் மூணரைக்கே முடிஞ்சிருக்கும். அதிதி சௌக்கியமா இருக்கா. தினம் நீங்க வாக்கிங் போறச்சே அங்க இருக்கற அவ ஃப்ரெண்டு நம்பர்லேருந்து எங்கிட்ட பேசறா."

"வேலை போனதை எங்கிட்ட ஏன் மறைச்சேள்? நான் என்ன புலியா, கரடியா?"

"கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி அவர் வந்து அதிதிகிட்ட, வேலை கிடைக்கட்டும், கல்யாணத்தைத் தள்ளி வச்சுக்கலாம்னு சொல்லியிருக்கார். இவதான் மாட்டேன்னுட்டா. உங்ககிட்ட சொல்லலாம்னு நான்தான் சொன்னேன். அதுக்கு அவர் சொன்னார், மாமாவுக்குத் தெரிஞ்சா, பொண்ணு சிட்டிசன்னு பாத்து க்ரீன் கார்டுக்காகக் கட்டிண்டான்னு நெனைப்பார், அந்தப் பேரோட நான் அந்த வீட்டுக்குள்ள வர முடியாது, வேலையோட வந்து சொல்றேன்னார்."

"நான் அப்படிச் சொல்லுவேனா?"

"இர்விங்ல ஒரு கல்யாணத்துல சொன்னேளே. பந்தில, பாயசம் சாப்பிட்டுண்டே, அந்தப் பையனுக்குக் கேக்கறாப்பல. அகிலனும் அன்னிக்கு ரெண்டு எலை தள்ளி உக்காந்திருந்தார். உங்களுக்குத்தான் ஞாபகம் இல்லை."

வெங்கடகிருஷ்ணன் சோபாவில் உட்கார்ந்தார். கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தார், அது நழுவிக்கொண்டே போயிற்று.

"அதுக்காக இப்படியா? ஹனிமூன்னு சொல்லிட்டு, ஏதோ ஒரு ஹோட்டல் ரூம்ல..."

"ஆமாம். மைக்ரோவேவ்ல சாதம் வச்சுச் சாப்பிடறா ரெண்டு பேரும். இவ அவருக்கு இன்டர்வியூ கேள்வியெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழக்கறாளாம். ராத்திரி நடந்து போய் ஐஸ்க்ரீம் திங்கறாளாம். என் பொண்ணு இவ்வளவு சந்தோஷமாப் பேசி நான் கேட்டதில்லை." காமாக்ஷி அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நம்ம கல்யாணம் ஆன எட்டாம் நாள் நீங்க ப்ராஜெக்ட்னு நியூஜெர்சில எடிசனுக்கு ஃப்ளைட் ஏறினேள். பதினோரு மாசம் நான் விசாவுக்காக மயிலாப்பூர்ல காத்துண்டிருந்தேன். இங்க எல்லாரும் ஹனிமூன் எங்க போனேள்னு கேட்டா, எடிசன்னு சொல்லிடுவேன். நீங்க மட்டும் போன ஊரை. அதுகளாவது ரெண்டு பேரா போயிருக்கு. விட்டுடுங்கோன்னா."

முப்பது வருஷமாக அவளிடமிருந்து அவர் அதைக் கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிச்சுமணி சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை ரொம்பச் சிரத்தையாகப் பார்த்தார். இந்த மாதிரி சமயத்தில் ஜோக் அடிக்கக்கூடாது என்று அவருக்கும் தெரியும், சில சமயம்.

வெங்கடகிருஷ்ணன் ஃபோனை எடுத்தார். சேனாபதியின் நம்பரை மூடினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு மெசேஜ் அடிக்க ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"பிச்சுமணி, சீஷெல்ஸ்ல இப்ப மணி என்ன?"

"ராத்திரி ஒண்ணே முக்கால் சார்."

"இந்நேரத்துக்கு அனுப்பினா, அவா அங்க இல்லைங்கறது எனக்குத் தெரிஞ்சுடுத்துன்னு கண்டுபிடிச்சுட மாட்டானோ?"

"ஹனிமூன்தானே சார். முழிச்சிண்டுதான் இருப்பா."

யாமினி அவர் காலை மிதிக்க நினைத்து, விட்டுவிட்டாள். வெங்கடகிருஷ்ணன் அடித்து முடித்ததை மனைவியிடம் காட்டினார். காமாக்ஷிக்கு எழுத்து கலங்கித் தெரிந்திருக்கவேண்டும், ஃபோனைப் பிச்சுமணியிடம் நீட்டி, "படிங்கோ" என்றாள். அவர் படித்தார்.

"மாப்பிள்ளை, நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீங்கள் அவசரப்பட்டுத் திரும்பி வரவேண்டாம். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, நிதானமாக இருந்து முடித்துவிட்டு இரண்டு பேருமாக வாருங்கள். இது உங்கள் வீடு."

"அனுப்பட்டுமா?" என்றார் வெங்கடகிருஷ்ணன். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அனுப்பினார்.

படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் உடனே விழுந்தது. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது, நின்றது. திரும்ப வந்தது, நின்றது. நாலு பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். பிச்சுமணி மனதுக்குள் அந்தப் பையனைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். தென்னமரம் மட்டும் அனுப்பிடாதேடா, இன்னும் ஒரு தென்னமரம் மட்டும் வேண்டாம்.

ஒரு படம் வந்தது. தென்னமரம் இல்லை. ஹோட்டல் அறை, குட்டி அடுப்பு, ப்ளேசரோடு அகிலன், அவன் தோளில் தலை சாய்த்து அதிதி. இரண்டு பேரும் களைத்துப் போயிருந்தார்கள், சிரித்தார்கள். கீழே ஒரு வரி.

"மாமா, நாங்க சீஷெல்ஸ்ல இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ராத்திரி கூப்பிடலாமா?"

வெங்கடகிருஷ்ணன் ராத்திரி வரை காத்திருக்கவில்லை. நம்பரை அழுத்திக்கொண்டே பின்பக்கக் கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனார். "சொல்லுங்கோ மாப்பிள்ளை," என்ற ஒரு வார்த்தை மட்டும் உள்ளே கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தால், நெற்றிக்கு ஏற்றிய மூக்குக் கண்ணாடியை இறக்கக்கூடத் தோன்றாமல், வெயிலில் அசையாமல் நின்றார். ரொம்ப நேரம் அவர் ஒன்றுமே பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.